கண்ணாடிப் பயிற்சியின் பாதை: பெங்களூரில் அரங்க விளையாட்டுகள்

இருவர் எதிரெதிரே நிற்கின்றனர். ஒருவர் கையை மெல்ல உயர்த்துகிறார். மற்றவர் அவருடைய கண்ணாடிப் பிம்பம் போல அதே வேகத்தில் உயர்த்துகிறார். சற்று நேரத்தில் முன்செல்பவரும் பின்தொடர்பவரும் இடம் மாறுகின்றனர். கடைசிக் கட்டத்தில் எவரும் முன்செல்வதில்லை. ஒருவரை ஒருவர் தொடர்கின்றனர். நடிப்புப் பயிற்சிக்குச் சென்ற எவரும் முதல் சில நாட்களிலேயே ஆடிப் பார்க்கும் விளையாட்டு இது. பெங்களூரில் இன்று இதே விளையாட்டு ஒத்திகைக் கூடத்தில் ஆடப்படுகிறது. பள்ளி வகுப்பறையிலும், தொண்டு நிறுவனத்தின் பயிலரங்கிலும், மென்பொருள் நிறுவனத்தின் குளிரூட்டப்பட்ட கூடத்திலும் ஆடப்படுகிறது. உடலசைவு எங்கும் ஒன்றே. ஆட்டம் முடிந்ததும் கேட்கப்படும் கேள்விதான் இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. அக்கேள்வி இந்நகரத்துக்கு எவ்வழியில் வந்தது, எங்கே கைவிடப்பட்டது என்பது நாடக வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறாத செய்தி.

விளையாட்டு என்னும் சொல் நடிப்புப் பயிற்சியோடு சேர்ந்தது அண்மைக் காலத்தில்தான். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபாவில் சிறுவர்கள் பாட்டையும் வசனத்தையும் மனப்பாடம் செய்தே நடிகரானார்கள். தி.க. சண்முகத்தின் 'எனது நாடக வாழ்க்கை' அவ்வாழ்க்கையை உள்ளிருந்து காட்டும் ஆவணம். கன்னட நாட்டில் குப்பி வீரண்ணாவின் கம்பெனி இத்தகைய பயிற்சிக்களமாக விளங்கிற்று. வீட்டை விட்டு ஓடிவந்து அதில் சேர்ந்த சிறுவர்களுள் ஒருவர் பின்னாளில் புகழ்பெற்ற பி.வி. காரந்த். கம்பெனிப் பயிற்சி வியக்கத்தக்க நினைவாற்றலையும் குரல்வளத்தையும் தந்தது. அதைக் குறைத்து மதிப்பிடுவது நன்றி மறந்த செயல். ஆயினும் அங்கே சிறுவனின் உடல் வேடத்துக்கு உரியது, வேடம் கம்பெனிக்கு உரியது. அவன் என்ன கண்டான், என்ன உணர்ந்தான் என்று கேட்கும் வழக்கம் இல்லை.

அவ்வாறு கேட்கும் வழக்கம் நாடகக் கொட்டகையில் பிறக்கவுமில்லை. சிகாகோவில் குடியேறிய ஏழை மக்களுக்கென நடத்தப்பட்ட ஹல் ஹவுஸ் என்னும் சமூக இல்லத்தில் நேவா பாய்ட் விளையாட்டுகளின் வழியே குழுப்பணியைக் கற்பித்தார். 1920களில் அவரிடம் பயின்ற வயோலா ஸ்போலின், பின்னர்ப் பல மொழி பேசும் குடியேறிகளின் பிள்ளைகளுக்கு நாடகம் கற்பிக்க நேர்ந்தபோது, மொழி தடையாகாத விளையாட்டுகளை உருவாக்கினார். 1963இல் வெளிவந்த அவரது நூல் உலகெங்கும் நாடகப் பள்ளிகளின் கையேடாயிற்று. கண்ணாடிப் பயிற்சியை இன்றுள்ள வடிவில் பரப்பியவர் அவரே. அந்நியர் பலர் ஒரே நகரத்தில் ஒன்றாக வாழக் கற்பதற்கே இவ்விளையாட்டு முதலில் பயன்பட்டது. கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது எல்லாம் ஒரே தெருவில் ஒலிக்கும் பெங்களூருக்கு அது அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை.

இந்நகரில் விளையாட்டும் நாடகமும் முதலில் நெருங்கியது குழந்தைகளின் வழியே. காசியில் உயர்கல்வியும் தில்லி தேசிய நாடகப் பள்ளியில் பயிற்சியும் பெற்றுத் திரும்பிய காரந்த், 1970களில் பெங்களூரில் பெனகா குழுவைத் தொடங்கினார். அவரும் பிரேமா காரந்தும் குழந்தைகளோடு உருவாக்கிய நாடகங்களில் ஆட்டமும் பாட்டும் ஒத்திகையிலேயே பிறந்தன. அவற்றுள் ஒன்றான 'பஞ்சர ஷாலெ', கல்வி புகட்டியே கிளியைக் கொன்ற தாகூரின் கதையை ஒட்டியது. மனப்பாடத்தால் வளர்ந்த ஒரு நடிகர் அக்கதையை எடுத்துக்கொண்டது தற்செயலாக இருக்க முடியாது.

ஆனால் குழந்தைகளோடு நின்றிருந்தால் இது இனிமையான கதையாக மட்டுமே இருந்திருக்கும். 1975 ஜூனில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டது. சென்னையின் மெட்ராஸ் பிளேயர்ஸ் குழுவை உருவாக்கியவர்களுள் ஒருவரும், 'சம்ஸ்காரா' (1970) திரைப்படத்தில் நடித்தவருமான சினேகலதா ரெட்டி, பரோடா டைனமைட் வழக்கை ஒட்டி 1976 மே மாதம் கைது செய்யப்பட்டு பெங்களூர் மத்தியச் சிறையில் அடைக்கப்பட்டார். அவருக்குக் கடுமையான ஆஸ்துமா. உடல்நிலை முற்றும் சீர்கெட்ட பின்னர் 1977 ஜனவரி 15 அன்று பரோலில் விடுவிக்கப்பட்டார். ஐந்து நாட்களில் இறந்தார். நகரத்தின் நாடகக்காரர்களுக்கு அரசியல் என்பது அதன் பிறகு நாடகத்தின் கருப்பொருள் மட்டுமன்று.

தேசிய நாடகப் பள்ளியில் பயின்று வந்த பிரசன்னா 'சமுதாயா' இயக்கத்தைத் தொடங்கியதும் அதே 1975இல்தான். எழுபதுகளின் பிற்பகுதியில் அவ்வியக்கத்தினருக்குப் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை ஒரு திருப்பம். சர்க்கார் தொழிலால் பொறியாளர், நகரமைப்பு வல்லுநர். 'ஏவம் இந்திரஜித்' தந்த புகழை விட்டுவிட்டு, மேடை, ஒளியமைப்பு, நுழைவுச்சீட்டு எதுவும் வேண்டாத 'மூன்றாம் அரங்கு' ஒன்றைத் தேடியவர். அவரது பட்டறையில் பங்கேற்பவர்கள் கண்ணை மூடி நடப்பார்கள். பின்னால் நிற்பவர் தாங்குவார் என்று நம்பிச் சாய்வார்கள். பத்துப் பேர் சேர்ந்து ஓர் இயந்திரமாவார்கள், அடுத்த நொடி ஒரு சுவராவார்கள், அதன் பின் அச்சுவரை இடிக்கும் கூட்டமாவார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இவ்விளையாட்டுகளை நாடகத்துக்கு முந்தைய உடற்பயிற்சியாகக் கருதுவது பிழை. நாடகத்தை ஆக்கும் முறையே அவைதான். திரையும் உடையும் அரங்கப் பொருளும் வேண்டாத குழு பேருந்தில் ஏறிச் சந்தைக்குப் போகலாம். மரமும் காவல் நிலையமும் ரேஷன் கடை வரிசையும் நடிகரின் உடலாலேயே ஆகும்போது செலவு குறைகிறது. எழுத்தரும் மாணவரும் ஆலைத் தொழிலாளியும் மாலை வேளையில் நடிகராக முடிகிறது. 1979இல் சமுதாயா கர்நாடகக் கிராமங்களுக்குள் ஜாதாவாகப் போனதற்குக் கொள்கை காரணமென்றால், போக முடிந்ததற்கு இப்பயிற்சி காரணம். தமிழ்ச்சூழலிலும் இதே காலம் குறிப்பிடத்தக்கது. 1978இல் யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம் நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கினார். 1980இல் சென்னையை அடுத்த சோழமண்டலத்தில் சர்க்கார் நடத்திய பட்டறையிலிருந்து தமிழ்த் தெரு நாடகம் ஒரு புதிய தொடக்கத்தைப் பெற்றது.

குறையும் உண்டு. பட்டறையில் திறந்திருந்த கேள்வி, தெருவுக்கு வந்ததும் பெரும்பாலும் மூடிக்கொண்டது. ஒத்திகையில் நடிகர் தம் உடலிலிருந்து கண்டுபிடித்ததை, நிகழ்வில் பார்வையாளருக்கு முடிந்த முடிவாக அறிவித்தார். சுற்றி நின்ற உழவர் கேட்டுக்கொண்டார், கைதட்டினார், போனார். எண்பதுகளின் தெரு நாடகங்களை அலுக்கவைத்த முழக்கத்தன்மைக்கு இதுவே வேர்.

இக்குறையைத் தன் பாதையில் எதிர்கொண்டவர் பிரேசிலின் அகஸ்தோ போவால். 1971இல் இராணுவ ஆட்சியால் சிறைப்படுத்தப்பட்டு, நாடுகடந்து வாழ்ந்தவர். 1973இல் பெருவின் எழுத்தறிவுத் திட்டத்தில் பணியாற்றியவர். அவருடைய விவாத அரங்கில் பார்வையாளர் 'நிறுத்துங்கள்' என்று சொல்லி மேடையேறி, ஒடுக்கப்பட்டவரின் இடத்தில் நின்று வேறொரு வழியை நடித்துக் காட்டலாம். ரியோ டி ஜெனீரோ நகரமன்ற உறுப்பினராக 1993 முதல் 1996 வரை இருந்தபோது இம்முறையில் எழுந்த யோசனைகளிலிருந்து பதின்மூன்று சட்டங்களை நிறைவேற்றச் செய்தார். அவருடைய விளையாட்டொன்று கண்ணாடிப் பயிற்சிக்கு உடன்பிறப்பு: ஒருவர் தம் உள்ளங்கையை மற்றவரின் முகத்துக்கு முன் பிடிக்கிறார், அம்முகம் கையிலிருந்து அகலாமல், குனிந்தும் தவழ்ந்தும் கை போகும் இடமெல்லாம் போக வேண்டும். பிறகு இடம் மாறுவர். ஆட்டத்துக்குப் பின் வரும் கேள்விகள்: எந்த நிலை உங்களுக்குப் பழக்கமானதாக இருந்தது? வீட்டில் அந்தக் கை யாருடையது?

பெங்களூரில் இம்முறையைத் தொடர்ந்து கையாண்டு வருவோருள் ராதா ராமசாமி முன்னின்று 2011இல் உருவாக்கிய சமூக உரையாடல் மற்றும் மாற்றத்துக்கான மையம் குறிப்பிடத்தக்கது. அம்மையத்தின் பணி தில்லியின் மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகக் கல்லூரி வரை சென்றது. மருத்துவக் கல்வியில் ஒடுக்கப்பட்டோர் அரங்கின் பயன் குறித்து அக்கல்லூரியினர் 2013இல் இந்திய மருத்துவ அறவியல் இதழில் எழுதினர். மருத்துவமனைச் சுற்றுவருகையை ஓர் உறைநிலைப் படிமமாக அமைக்கச் சொன்னால், பேராசிரியர் எங்கே, முதலாமாண்டு மாணவர் எங்கே, படுத்திருக்கும் நோயாளியின் கண்கள் யாரைப் பார்க்கின்றன என்பதெல்லாம் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைச் சொற்பொழிவால் காட்ட முடியாது.

இதே ஆண்டுகளில் இவ்விளையாட்டுகள் நகரின் நிறுவனங்களுக்குள் வேறு பெயரில் நுழைந்தன: குழு உணர்வு, தலைமைப் பண்பு, தகவல் தொடர்புத் திறன். இது பெங்களூரின் கண்டுபிடிப்பன்று. ஸ்போலினின் மகன் பால் சில்ஸ் இணைந்து 1959இல் தொடங்கிய சிகாகோவின் செகண்ட் சிட்டி குழுவே பின்னாளில் வணிக நிறுவனங்களுக்கெனத் தனிப் பிரிவு வைத்தது. நாடகத்தால் வாடகை கொடுக்க இயலாத நடிகருக்கு இப்பயிற்சி வகுப்பு ஒரு பிழைப்பு. அதைக் கேலி செய்ய எவருக்கும் உரிமையில்லை. பங்கேற்பவர்கள் இரண்டு மணி நேரம் மனம்விட்டுச் சிரிப்பதும் பொய்யன்று. ஆனால் மேலாளரின் கையை ஊழியர் கண்ணாடியாகப் பின்பற்றி முடித்ததும், 'இந்த அனுபவத்திலிருந்து உங்கள் குழுவை எப்படி மேம்படுத்துவீர்கள்?' என்பதே வழக்கமான கேள்வி. அந்தக் கை யாருடையது என்று கேட்பதற்கு நிறுவனம் பணம் தருவதில்லை. எவரும் முன்செல்லாத மூன்றாம் கட்டம் அங்கே ஒரு நயமான முடிவாக ஆடப்படுகிறது. திங்கட்கிழமைச் செயல்திறன் மதிப்பீட்டில் அதற்கு இடமில்லை.

சினேகலதா அடைபட்டிருந்த மத்தியச் சிறை பின்னர் நகரின் புறத்தேயுள்ள பரப்பன அக்ரஹாரத்துக்கு மாற்றப்பட்டது. பழைய சிறை வளாகம் 2008இல் சுதந்திரப் பூங்கா என்னும் பெயரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. 2021இல் வந்த ஆணையின்படி பெங்களூரில் போராட்டங்களும் ஆர்ப்பாட்டங்களும் உரிமம் பெற்று அப்பூங்காவுக்குள்தான் நடத்தப்பட வேண்டும். எதிர்ப்புக் கூட்டங்களோடு நடக்கும் நாடகமும் இப்போது அந்த மதில்களுக்கு உள்ளேதான் வட்டம் போடுகிறது. பத்துப் பேர் சேர்ந்து ஒரு சுவராகும் பழைய பயிற்சியை அங்கே செய்பவர்களுக்குப் பின்னால் உண்மையான சிறைச்சுவர் நிற்கிறது.