கமமும் கமக்காரரும்

வருடத் தொடக்கத்தில் மாணவர் விபரப் படிவம் நிரப்பும்போது, 'தகப்பனார் தொழில்' என்ற இடத்தில் சில பிள்ளைகள் 'கமம்' என்று எழுதுவர். சிலர் 'கூலி' என்று எழுதுவர். இரு தகப்பன்மாரும் பரந்தனில் ஒரே வயலின் சேற்றில் நிற்பவர்கள்தாம். ஏன் இந்த வேறுபாடு? விடை, சொல்லின் வரலாற்றிலேயே இருக்கிறது.

தொல்காப்பிய உரியியலில் 'கமம்' என்றால் நிறைவு. நீர் நிறைந்த கருமேகத்தைச் சங்கப் புலவர்கள் 'கமஞ்சூல்' என்றனர். நம் ஊர்க் கமம் வேறு வழியாக வந்தது. 'கிராமம்' என்ற வடசொல் பாளியில் 'காம' என்றும் சிங்களத்தில் 'கம' என்றும் வழங்கும். நம் கமமும் அக்குடும்பத்ததே. வலிகாமம், கொடிகாமம், தம்பலகாமம், வன்னிமைகளுள் பெயர்பெற்ற பனங்காமம் ஆகிய ஊர்ப்பெயர்களில் அந்தப் பழைய பொருள் இன்றும் உறைந்து கிடக்கிறது. ஊரைக் குறித்த சொல், ஊரை வாழவைத்த வயலுக்கும் தொழிலுக்கும் பெயராயிற்று.

பேச்சில் அதற்கு மூன்று பொருள் உண்டு. "அவர் கமம் செய்யிறார்" என்றால் தொழில். "கமத்தில நிக்கிறார்" என்றால் இடம். "அவருக்குப் பெரிய கமம்" என்றால் சொத்து. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இரணைமடுக் குளம் கட்டப்பட்ட பின்னர், யாழ்ப்பாணத்தவர் பலர் இப்பக்கம் வந்து வயல் திருத்தியபோது இம்மூன்றும் அவர்களோடு வேரூன்றின.

அம்பாறை, மட்டக்களப்பு வாசகர்களுக்கு இச்சொல் சற்று அந்நியமாகப் படலாம். அங்கே 'வேளாண்மை' என்பதே வழக்கு. வயலில் நிற்கும் பயிரும் வேளாண்மைதான். நிலமுடையவர் 'போடியார்'. வடக்கில் அந்த இடத்தில் இருந்தவர் 'கமக்காரன்'.

இங்கேதான் சொல் கனக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதியினர் நிலமுடைய வேளாளரை விளித்த சொல் கமக்காரன்; அவர் மனைவி கமக்காரிச்சி. கே. டானியலின் நாவல்களைப் படித்தோர் அந்த விளியின் பின்னுள்ள அச்சத்தை அறிவர். கமத்தில் நாள் முழுதும் குனிந்தவனுக்கு அப்பெயர் இல்லை. வரம்பில் நின்றவருக்கே இருந்தது. 1958, 1977 கலவரங்களின் பின் வன்னிக்கு வந்து சேர்ந்த மலையக மக்களிலும் பலர் பிறர் கமங்களில் கூலிகளாகவே நின்றனர்.

சட்டம் சொல்லை மெல்ல அசைத்தது. 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், பிறர் வயலை வாரத்துக்குச் செய்பவருக்குப் பாதுகாப்பளிக்க முனைந்தது. 1957 இல் தோன்றிய திணைக்களத்தின் பெயரிலேயே 'கமநலம்' உண்டு. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் அதே சொல்லைத் தாங்கிற்று. 'கமக்காரர் அமைப்பு' என்று அறிவித்தல் பலகையில் எழுதும்போது, எசமானைக் குறித்த சொல் பயிர் செய்வோர் எவரையும் குறிக்கும் பன்மையாகிவிட்டது. எனினும் காகிதத்தில் மாறிய சொல், மனத்தில் அத்தனை விரைவாக மாறுவதில்லை.

'கூலி' என்று எழுதிய ஒரு மாணவனிடம், "அப்பா வயலில்தானே வேலை? கமம் என்று எழுதலாமே" என்றேன்.

"எங்களுக்குக் காணி இல்லை, சேர்" என்றான்.

சொல்லின் பழைய பொருளை அவன் எந்த அகராதியிலும் படித்திருக்கவில்லை. நான் படிவத்தைத் திருத்தவில்லை. அடுத்த பாடத்தில் கரும்பலகையில் 'கமம்' என்று எழுதி, இந்தக் கதையை வகுப்புக்குச் சொன்னேன்.