ஓஎல்இடி திரை எப்படி வேலை செய்கிறது? நியூஸ் சேனல் லோகோ திரையில் பதிந்துவிடுவது ஏன்?

கோபிசெட்டிபாளையத்தில் செல்போன் கடைக்குப் போனாலும் சரி, கோவைக்குப் போனாலும் சரி, கடைக்காரர் சொல்வது ஒன்றுதான்: "இது அமோலெட் டிஸ்ப்ளேங்க." டிவி வாங்கப் போனால் எல்இடி, ஓஎல்இடி என்று அடுக்குவார்கள். முன்னால் ஒரு 'ஓ' சேர்ந்தால் விலை எகிறுகிறது. அந்த 'ஓ'வில் அப்படி என்னதான் இருக்கு?

எல்இடி - ஓஎல்இடி என்ன வித்தியாசம்?

கடையில் 'எல்இடி டிவி' என்று விற்பது உண்மையில் எல்சிடி டிவிதான். அதன் பின்னால் எல்இடி விளக்குகள் எரியும். முன்னால் உள்ள திரவப் படிக அடுக்கு, வெளிச்சத்தை எங்கே விடணும், எங்கே தடுக்கணும் என்று பார்த்துக்கொள்ளும். ஜன்னலைச் சாத்தினாலும் இடுக்கு வழியாகக் கொஞ்சம் வெளிச்சம் வரும் இல்லையா? அதனால்தான் அதில் கருப்பு, சாம்பல் பூத்த மாதிரி தெரிகிறது.

ஓஎல்இடியில் பின்விளக்கே கிடையாது. பாரியூர் கொண்டத்து காளியம்மன் திருவிழா மாதிரி கோயில் விசேஷங்களில் சீரியல் பல்புகளால் அம்மன் உருவம் வைப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பல்பும் தானே எரியும், தானே அணையும். ஓஎல்இடியும் அப்படித்தான். ஃபுல் எச்டி டிவி என்றால் 20 லட்சத்துக்கும் அதிகமான புள்ளிகள். கருப்பு வேண்டிய இடத்தில் புள்ளி அணைந்துவிடும்.

வெளிச்சம் எப்படி வருகிறது?

'ஓ' என்றால் ஆர்கானிக். இயற்கை விவசாயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கார்பன் சார்ந்த சேர்மங்கள் என்று அர்த்தம். இரண்டு மின்முனைகளுக்கு நடுவே இவற்றை அடுக்கடுக்காகப் பூசுகிறார்கள். மொத்தத் தடிமன், தலைமுடியில் நூறில் ஒரு பங்குகூட வராது. மின்சாரம் கொடுத்ததும் ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான்களும், மறுபக்கத்திலிருந்து எலக்ட்ரான் இல்லாத வெற்றிடங்களும் நகர்ந்து நடுவில் சேரும். அப்போது வெளியாகும் ஆற்றல்தான் ஒளி. என்ன நிறம் என்பதை அந்தச் சேர்மம் முடிவு செய்யும்.

அமோலெட் என்பதும் இதே ஓஎல்இடிதான். ஒவ்வொரு புள்ளியையும் கட்டுப்படுத்த டிரான்சிஸ்டர் வைத்திருப்பார்கள்.

யார் கண்டுபிடித்தது?

அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் வேலை பார்த்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987-ல் குறைந்த மின்னழுத்தத்தில் நன்றாக ஒளிரும் ஓஎல்இடியை உருவாக்கிக் காட்டினார்கள். 2007-ல் சோனி 11 இன்ச் ஓஎல்இடி டிவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2017-ல் ஐபோன் எக்ஸ் இந்தத் திரைக்கு மாறியது.

லோகோ ஏன் பதிகிறது?

சீரியல் பல்பில் அதிகம் எரிந்த பல்புதானே முதலில் மங்கும்? இங்கேயும் அதே கதை. ஆர்கானிக் சேர்மம் எரிய எரியத் தேயும், அதிலும் நீலம் சீக்கிரம் தேயும். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் லோகோ, கீழே ஓடும் செய்திப் பட்டை இருந்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் மற்றவற்றைவிட வேகமாக மங்கும். சேனலை மாற்றினாலும் நிழல் மாதிரி தெரியும். இதுதான் 'பர்ன்-இன்'. எந்த நியூஸ் சேனலும், நம்ம சேனல் உட்பட, இதற்கு விதிவிலக்கல்ல.

டார்க் மோட் போட்டால் சார்ஜ் நிற்குமா?

நிற்கும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், திரை வெளிச்சம் 100 சதவீதத்தில் இருந்தபோது 39 முதல் 47 சதவீதம் வரை மின்சாரம் மிச்சமானது. வெளிச்சம் 30 முதல் 50 சதவீதத்தில் இருந்தபோது மிச்சமானது 3 முதல் 9 சதவீதம்தான். எல்சிடி போனில் பின்விளக்கு எப்படியும் எரியும் என்பதால் பெரிய பலன் இருக்காது.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* டீக்கடை, மெஸ், ஷோரூம் என்று நாள் முழுக்க ஒரே சேனல் ஓடும் இடத்துக்கு சாதாரண எல்இடி டிவியே நல்லது. பர்ன்-இன் தொல்லை இருக்காது.

* வீட்டில் ராத்திரி விளக்கை அணைத்துப் படம் பார்ப்பவர்களுக்கு ஓஎல்இடி கொடுத்த காசுக்குத் தகும்.

* பர்ன்-இன்னுக்கு வாரண்டி உண்டா என்று பில் போடும் முன்பே கேளுங்கள்.

* ஓஎல்இடி போனில் ரொம்ப நேரம் லைவ் நியூஸ் பார்ப்பவர்கள் வெளிச்சத்தைக் குறைத்து வையுங்கள். கேட்டால் மட்டும் போதும் என்றால் திரையை அணைத்துவிடலாம். சார்ஜும் மிச்சம், திரையும் நாள்பட உழைக்கும்.