மலாக்காச் செட்டிகள்: மொழி அகன்றபின் நிற்கும் அடையாளம்

பல இனத்தார் கூடிவாழும் நகரப் பண்பாடு உலகமயமாதலின் அண்மைக்கால விளைவு என்பது இன்று பரவலாகக் காணப்படும் கருத்து. மலாக்காவின் வரலாறு இதற்கு இடந்தரவில்லை. 1512 முதல் 1515 வரை அங்குத் தங்கிய போர்த்துகீசியரான தொமே பிரெஸ், அத்துறைமுகத்தில் 84 மொழிகள் வழங்கியதாக எழுதியுள்ளார். எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். எனினும் வணிகரை நெறிப்படுத்தச் சுல்தான்கள் நான்கு ஷாபண்டார்களை அமர்த்தியிருந்தமை ஐயத்திற்கு அப்பாற்பட்டது. குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலக் கரை, வங்காளம், பெகு, பாசாய் வணிகருக்கு ஒருவர், சாவகத்தாருக்கும் கீழைத் தீவினருக்கும் ஒருவர், சீனருக்கும் சம்பா நாட்டாருக்கும் ஒருவர். ஆக, இது கலப்பின் ஒழுங்கன்று, பிரிவின் ஒழுங்கே எனலாம். கலப்பு நிகழ்ந்தது சந்தையிலன்று, இல்லத்தில்தான். பருவக்காற்றுக்காகக் காத்திருந்த தமிழ் வணிகர் உள்ளூர்ப் பெண்டிரை மணந்தனர். அவ்வழி வந்தோரே மலாக்காச் செட்டிகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் காலத்தில் வந்த நகரத்தாரோடு இவர்களை ஒன்றாக எண்ணும் வழக்கம் நம்மிடையே இன்னும் நீங்கவில்லை.

இப்பன்மையை நாம் பொற்காலமாகப் போற்றுவதற்கில்லை. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர், நைனா சத்து என்னும் தமிழ் வணிகரை இந்துக்களின் தலைவராக்கினர். 1514இல் அப்பதவி வேறொருவருக்கு மாற்றப்பட்டபோது அவர் தீப்புகுந்து மாண்டார் எனப் போர்த்துகீசியப் பதிவுகள் கூறுகின்றன. ஆள்வோரின் தயவில் நின்ற மதிப்பு அது.

டச்சுக்காரர் வழங்கிய நிலத்தில் 1781இல் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயத்தைச் செட்டிகள் எழுப்பினர். பின்னர் அவர்களது வாழ்விடம் காஜா பேராங் பகுதியில் நிலைபெற்றது. இல்லமொழி மலாய், பெண்டிர் உடை சாரோங் கெபாயா, சமயம் சைவம், பெயர்கள் தமிழ். போகியன்று ‘பார்ச்சு’ என்னும் முன்னோர் படையலை வாழையிலையில் இடுகின்றனர். மறுநாள் பொங்கல். படையலில் மலாய் உணவும் உண்டு. வேண்டுதலும் பெரும்பாலும் மலாய் மொழியிலேயே அமையும்.

இங்குதான் ஆசிரியர்களாகிய நாம் எதிர்கொள்ள வேண்டிய சிக்கல் எழுகிறது. மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 160ஆம் பிரிவு, மலாய்க்காரரை இஸ்லாமியராகவும், வழக்கமாக மலாய் பேசுவோராகவும், மலாய் மரபைப் பின்பற்றுவோராகவும் வரையறுக்கிறது. செட்டிகள் மலாய் பேசுவோர்; உடையிலும் உணவிலும் மலாய் மரபைத் தழுவியோர்; சமயத்தால் மட்டும் விலகி நிற்பவர். நம் மேடைகளிலோ ‘மொழியே உயிர்’ என்னும் முழக்கம் அவர்களைத் தமிழரல்லர் என்று ஒதுக்கிவிடுகிறது. மொழியைக் காப்பது நமது கடமை என்பதில் நமக்கு இருவேறு கருத்தில்லை. ஆனால் தமிழ் பேசாமலே பல தலைமுறைகளாகப் பொங்கலிட்டுவரும் ஒரு சமூகத்தை அம்முழக்கத்தால் விளக்க இயலவில்லை. மொழி போனால் எல்லாம் போகும் என்று வகுப்பறையில் உரைக்குமுன் காஜா பேராங்கை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நல்லது.

2018இல் சிங்கப்பூர் இந்திய மரபுடைமை நிலையம் இச்சமூகத்தைப் பற்றிச் சிறப்புக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. கெபாயாக்களும் அணிகலன்களும் அங்குக் கண்ணாடிப் பேழைகளில் இடம்பெற்றன. படையலோ இன்றும் இல்லங்களிலேயே நிகழ்கிறது. அதை ஆய்வுக்குட்படுத்தும் பணியைத் தமிழாய்வுலகம் பெரும்பாலும் மானிடவியலாரிடமே விட்டுவைத்துள்ளது.