முள்ளும் வெள்ளணுவும்

காலில் முள் தைத்தால் அவ்விடம் சிவந்து, சூடேறி, வீங்குகிறது. இவ்வீக்கம் உடலுக்கு நேர்ந்த கேடு என்றே மருத்துவ அறிஞர் பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். அது கேடன்று, உடல் தன்னைக் காத்துக்கொள்ளத் தொடுக்கும் போர் என்று எடுத்துரைத்தவர் எலி மெச்னிகாவ் என்னும் விலங்கியல் அறிஞர். அவ்வுண்மை நிலைபெற்ற வரலாற்றை இன்று மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

ருஷ்யப் பேரரசில் பிறந்த மெச்னிகாவ், 1882ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்தார். ஒருநாள் வீட்டார் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருக்க, அவர் தனித்திருந்து நட்சத்திர மீனின் குஞ்சு ஒன்றை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அதன் உடல் கண்ணாடி போன்றது. உள்ளே அணுக்கள் சில ஊர்ந்து திரிவது தெரிந்தது. இவை உடலின் காவலர்களாக இருக்கலாகாதோ என்னும் எண்ணம் அவர் உள்ளத்தே எழுந்தது. உடனே தோட்டத்து ரோஜாச் செடியின் முட்களைக் கொணர்ந்து, அத்தகைய குஞ்சுகளின் தோலுக்கடியில் செருகினார். மறுநாள் விடியலில் நோக்கியபோது, ஊர்ந்த அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து மொய்த்திருந்தன! நம் குருதியிலுள்ள வெள்ளணுக்களும் இவ்வாறே கிருமிகளை வளைத்து விழுங்கிச் செரித்துவிடுகின்றன. அவை குருதிக் குழாய்களைவிட்டு வெளிப்பட்டுப் புண்பட்ட இடத்தில் திரள்வதை வீக்கத்தில் காண்கிறோம்.

ஆயினும் அறிஞர் உலகம் இதனை எளிதில் ஒப்பவில்லை. 1890இல் பெர்லின் நகரில் பெரிங், கிடசாட்டோ என்னும் இருவர், டெட்டனஸ், டிப்தீரியா ஆகிய நோய்களின் நஞ்சை முறிக்கும் ஆற்றல், அந்நோய்களை எதிர்க்கும் திறன் பெற்ற விலங்குகளின் குருதித் தெளிநீரில் இருப்பதைக் காட்டினர். குழந்தைகளைத் தொண்டையடைத்துக் கொன்று வந்த டிப்தீரியாவுக்கு அதனால் மருந்தும் கிடைத்தது. ஆகவே, உடலைக் காப்பது தெளிநீரே என்றனர் ஜெர்மானிய அறிஞர் பலர். அணுக்களே என்று பாரிஸிலுள்ள பாஸ்டர் நிலையத்திலிருந்து மெச்னிகாவ் வாதாடினார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது.

1903இல் லண்டனில் ரைட், டக்ளஸ் ஆகியோர் இரண்டையும் இணைக்கும் வழியைக் கண்டனர். தெளிநீரிலுள்ள சில பொருள்கள் கிருமியின்மேல் படிகின்றன. அதன் பின்னரே வெள்ளணுக்கள் அதனை எளிதில் விழுங்குகின்றன. இரு கட்சியும் மெய்யே! 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு மெச்னிகாவுக்கும், தெளிநீர்க் கொள்கையின் தலைவருள் ஒருவரான பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. தெளிநீரின் எதிர்ப்பொருள்களை ஆக்குபவையும் வெள்ளணுக்களின் ஓர் இனத்திலிருந்து தோன்றும் அணுக்களே என்பதைப் பிற்கால ஆராய்ச்சி காட்டியது.

பல்லாண்டு பாடம் சொன்னவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். அறிவியலில் ஒருவர் கூற்றை மறுக்கப் புகுமுன், அவர் கண்டதை நாமும் ஒருமுறை நுண்ணோக்கியில் கண்டுவிடுதல் நன்று.