திணைகள் கூடும் கரை: இலுப்பைக்கடவையும் கடற்பசுவும்

பண்டைத் தமிழர் நிலத்தைப் பாகுபடுத்தியபோது மண்ணின் இயல்பை மட்டும் கருதினாரல்லர். தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுங்கால் உணவு, விலங்கு, மரம், புள், தொழில் என்பவற்றை ஒரே வரிசையில் வைத்துக் கூறுகின்றது. நிலமும், அந்நிலத்து உயிர்களும், ஆங்கு வாழும் மக்களின் தொழிலும் ஒன்றையொன்று பற்றி நிற்பன என்பதே அதன் உட்கிடை. இக்கொள்கையின் மெய்ம்மையை மன்னார்ப் பெருநிலப்பரப்பின் வடபாற் கரையில் உள்ள இலுப்பைக்கடவையின் வரலாறு நன்கு புலப்படுத்தும்.

இலுப்பை என்னும் மரப்பெயரும், கடந்து செல்லும் வழியைக் குறிக்கும் கடவை என்னும் சொல்லும் இணைந்தது இவ்வூர்ப் பெயர். மன்னாரையும் பூநகரியையும் இணைக்கும் கரையோரப் பாதை இன்றும் இவ்வூரினூடாகவே செல்கின்றது. கிழக்கே பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த வன்னிக் காடு; இடையே குளமும் வயலும்; மேற்கே கண்டற்காடும் களப்பும் ஆழங்குறைந்த பாக்குநீரிணைக் கடலும். முல்லையும் மருதமும் நெய்தலும் சில கல் தொலைவுக்குள் இங்கே கூடி நிற்கின்றன. வடகீழ்ப் பருவமழையே இந்நிலத்தின் உயிர்நாடி. அம்மழையால் பெருகும் பறங்கியாறும் பாலியாறும் வன்னியிலிருந்து மேற்கே ஓடி இக்கரையிற் கடலோடு கலக்கின்றன. ஆகவே காட்டில் நேரும் கேடு காட்டோடு நின்றுவிடுவதன்று. ஆற்று வழியே அது கடலையும் சென்றடையும்.

மக்கள் குடியேற்றமும் இவ்வியற்கையமைப்பைத் தழுவியே வளர்ந்தது. தெற்கேயுள்ள மாந்தையில் 1980களில் நிகழ்ந்த அகழாய்வு, அப்பெருந்துறை எழுவதற்கு முன்னரே கற்கருவி கொண்ட வேட்டுவ மக்கள் அங்குத் தங்கியிருந்தமையைக் காட்டிற்று. பின்னர்க் குளங்கட்டி உழுதோர் மருதத்தை விரித்தனர். கட்டுக்கரைக்குளம் அதற்குப் பெருஞ்சான்று. வன்னிக் காட்டின் யானைகள் ஒல்லாந்தர் காலத்தில் திறைப்பொருளாயின. அவை ஆனையிறவு வழியே யாழ்ப்பாணத்துக்குச் செலுத்தப்பட்டு, அங்கிருந்து மரக்கலமேறின. உயிரினம் வாணிகப் பண்டமாதல் இக்கரைக்குப் புதிதன்று.

எனினும் இக்கரையின் கருப்பொருள்களுள் இன்று பெரிதும் நலிந்து நிற்பது கடற்பசுவேயாம். ஆவுளியா என்றும் இதனை வழங்குவர். ஏறத்தாழ மூன்று மீற்றர் நீளமும் நானூறு கிலோ எடையும் வளரும் இவ்விலங்கு, கடலடியிற் படர்ந்த கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. கதிரொளி தரையைத் தொடும் ஆழமற்ற கடலிலேயே அப்புல் செழிக்குமாதலின், பாக்குநீரிணையும் மன்னார் வளைகுடாவும் அதற்கு இயற்கை அளித்த மேய்ச்சல் நிலங்களாயின.

போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிய 1560ஆம் ஆண்டில் மீனவர் வலையில் ஏழு கடல்மாந்தர் சிக்கினர் என்றும், கோவாவிலிருந்த அரசப் பிரதிநிதியின் மருத்துவர் அவற்றை அறுத்துப் பார்த்து மனித உடலை ஒத்தனவெனக் கண்டார் என்றும் ஒரு செய்தி வழங்கிற்று. 1861இல் இலங்கை விலங்கினங்கள் பற்றி நூலெழுதிய எமர்சன் தெனந்து, இத்தகைய கதைகள் கடற்பசுவைக் கண்டு எழுந்தன எனக் கொண்டார். வியப்புக்குரியதாயிருந்த அவ்வுயிர் கரையோர மக்களுக்கு உணவுமாயிருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் அதன் இறைச்சி வெளிப்படையாகவே விலைபோயிற்று.

பண்டைய வேட்டை குற்றமற்றது என்று கூறுதல் பொருந்தாது. எனினும் அதற்கோர் எல்லை இருந்தது: சிறு தோணியும் கையால் முடைந்த வலையும் சென்றளவே அவ்வேட்டை சென்றது. நைலோன் வலையும், வெடியும், கடலடியை வாரிச் செல்லும் இழுவைப்படகும் வந்தபின்னர் அவ்வெல்லை அழிந்தது. கடற்பசு ஓராண்டுக்கு மேற் சூல்கொண்டு ஒரு கன்றையே ஈனும். அடுத்த கன்றுக்குப் பல ஆண்டு செல்லும். இத்தகைய இனம் இழப்பை விரைவில் ஈடுசெய்ய மாட்டாது. அதன் உறவினமாகிய வடகடற் பெருங்கடற்பசு 1741இல் அறிஞர் கண்ணுக்குப் புலப்பட்டு, 1768அளவில், இருபத்தேழே ஆண்டுகளில் அற்றொழிந்தமை உலகறிந்த பாடமாகும்.

இழுவைமடி விலங்கை மட்டும் கொல்வதன்று. கடற்புல்லையே வேரோடு பறிப்பது. இறாலும் மீன்குஞ்சும் வளரும் தொட்டிலும் அப்புல்லே. எனவே கடற்பசுவின் பகையும் சிறுமீனவனின் பகையும் ஒன்றேயாம். போரின் இடப்பெயர்விலிருந்து 2009க்குப் பின் மீண்டு வந்த மன்னார்க் கரையோர மீனவர் முதலிற் கண்டது, தம் வலைகளை அறுத்துச் செல்லும் அயல்நாட்டு இழுவைப்படகுகளையே. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் விலக்கிற்று. ஆயினும் கடலெல்லையைச் சட்டம் மட்டும் காத்துவிடுவதில்லை.

காப்பு முயற்சிகளும் இல்லாமலில்லை. இலுப்பைக்கடவைக்குத் தெற்கே விடத்தல்தீவில் 29,180 ஹெக்டேயர் பரப்பு 2016இல் இயற்கை ஒதுக்கிடமாயிற்று. 2024இல் அதன் ஒரு பகுதியை நீருயிர் வளர்ப்புக்கென விடுவிக்கும் அறிவித்தல் வெளிவர, அது நீதிமன்றம் வரை சென்றது. எதிர்க்கரையில் தமிழ்நாட்டரசு 2022இல் 448 சதுர கிலோமீற்றர் கடலைக் கடற்பசுக் காப்பகமாக அறிவித்தது. கடற்பசு நாட்டெல்லை அறியாது. ஒருகரை காக்க மறுகரை அழிக்குமாயின் இருகரையின் முயற்சியும் வீணாம்.

இவற்றால் பெறப்படுவது யாது? மீனவனைக் கடலிலிருந்து விலக்கிக் கடற்பசுவைக் காத்தல் இயலாது; அவனே அக்கடலின் காவலன் ஆதற்குரியவன். வலையிற் சிக்கிய விலங்கை உயிரோடு விடுபவனுக்கு அறுந்த வலையின் விலையை ஈடுசெய்தலும், ஒதுக்கிடங்களை வகுக்குங்கால் அவன் சொல்லைக் கேட்டலும் ஆட்சியாளர் கடன். காட்டையும் குளத்தையும் கடலையும் வெவ்வேறு திணைக்களங்கள் வெவ்வேறாக ஆளலாம். இயற்கையோ அவற்றை ஒன்றாகவே ஆளுகின்றது. கருப்பொருளுள் ஒன்று அழியுமாயின் திணையே குறைபடும். திணை குறைபட்டவிடத்து அங்கு வாழும் குடியும் நிலைபெறுதல் அரிது.