தொலைக்காட்சிப் பெட்டிச் சிற்பி

சிற்பம் என்றதும் கல்லும் வெண்கலமும் நம் நினைவில் எழுவது இயல்பு. கண்ணாடிக் குழாயையும் மின்சாரத்தையும் கொண்டு சிற்பம் சமைத்தார் கொரியர் ஒருவர். நாம்-ஜூன் பைக் என்பது அவர் பெயர். 1932இல் சியோல் நகரில் பிறந்தவர். 1950இல் கொரியப் போர் மூண்டதும் குடும்பத்துடன் தாய்நாட்டை விட்டு வெளியேறினார். டோக்கியோவில் பட்டம் பெற்றபின், இசை பயில ஜெர்மனி சென்றார்.

1963 மார்ச்சு மாதம் அந்நாட்டு வுப்பர்டால் நகரில் அவர் நடத்திய கண்காட்சியில் தொலைக்காட்சிப் பெட்டிகளும் கலைப்பொருள்களாய் இடம்பெற்றன. பெட்டிகளின் உள்ளிணைப்புகளை மாற்றி, ஒளிபரப்பில் வந்த உருவங்களைத் திரித்துக் காட்டினார். ஒரு பெட்டி பழுதுபட்டு, திரையில் ஒற்றைக் கோடு மட்டுமே எஞ்சியிருந்தது. அதனை அவர் ஒதுக்கிவிடவில்லை. பெட்டியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி வைத்தார். கிடைக்கோடு நெடுங்கோடாயிற்று! இதென்ன விளையாட்டு என்று நகைத்தவர்களும் இருந்திருப்பர்.

1974இல் அவர் அமைத்த படைப்பில் புத்தர் சிலை ஒன்று தொலைக்காட்சியின் எதிரே அமர்ந்திருக்கிறது. காமிரா அச்சிலையைப் படம்பிடித்துத் திரைக்கு அனுப்ப, புத்தர் தம்மையே நோக்கியிருக்கிறார். அது தியானமா, தன்மோகமா? பைக்கின் படைப்புகளுள் இதுவே தலையாயது என்பேன்.

அளவில் பெரியது வேறொன்று. சியோல் ஒலிம்பிக் பந்தயம் நடைபெற்ற 1988இல், குவாச்சோன் நகரத்துத் தேசியக் கலைக்கூடத்தில் 1,003 பெட்டிகளை அடுக்கி, 18.5 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்பினார். கொரிய நாடு தோன்றிய நாளாகக் கொண்டாடப்படும் அக்டோபர் 3ஆம் தேதியைக் குறிப்பது அவ்வெண். 2006இல் பைக் காலமானார். படக்குழாய்களும் ஒவ்வொன்றாய் மங்கின. புதியன வாங்கலாமென்றால் அவற்றின் உற்பத்தியே அருகிவிட்டது. 2018இல் கோபுரத்தை அணைக்க நேர்ந்தது.

தட்டைத் திரைகளைப் பொருத்தினால் அது பைக்கின் படைப்பாகுமா? இருளில் நிற்கும் கோபுரம் மட்டும் அவர் படைப்பாகுமா? கோபுரத்துச் சுதையுருவங்களைக் குடமுழுக்குதோறும் புதுப்பித்து வழிபடும் நமக்கு முதற்கேள்வி அவ்வளவு கடுமையாகத் தோன்றாது. ஆயினும் பழங்குழாயின் வளைந்த கண்ணாடியில் ததும்பும் ஒளி தட்டைத் திரைக்கு வாராது என்பதையும் மறுப்பதற்கில்லை.

கலைக்கூடத்தார் இடைவழி கண்டனர். 737 பெட்டிகளைப் பழைய குழாய்களைக் கொண்டே செப்பனிட்டனர். மேலடுக்குகளிலுள்ள சிறிய பெட்டிகள் 266இல் மட்டும், புறத்தோற்றம் மாறாதபடி தட்டைத் திரைகளை அமைத்தனர். 2022 செப்டம்பரில் கோபுரம் மீண்டும் ஒளிர்ந்தது. எஞ்சிய குழாய்களின் ஆயுளைக் கருதி, நாளொன்றுக்குச் சில மணி நேரமே அதனை இயக்கலாயினர்.