மேட்டூரின் இரண்டு கவர்னர்கள்



பல ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரை மேட்டூர் அணைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். 1925-இல் தொடங்கி 1934-இல் கட்டி முடிக்கப்பெற்ற அணை அது. அதன் நீர்த்தேக்கம் அந்நாளைய சென்னை மாகாண கவர்னர் ஸர் ஜார்ஜ் ஸ்டான்லியின் பெயர் தாங்கியது. இதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, "ஐயா, மின்நிலையத்திலும் ஒரு கவர்னர் உண்டென்கிறார்களே, அவர் யார்?" என்றான் ஒரு சிறுவன். எல்லோரும் சிரித்தார்கள். ஆயினும் சிரித்து ஒதுக்கத்தக்க கேள்வியன்று அது.

இரண்டாம் கவர்னர் ஓர் எந்திரம். டர்பைன் சுழலும் வேகம் குறைந்தால் நீர்க்கதவைச் சற்றே திறக்கும், மிகுந்தால் மூடும். விளைவைக் கண்டு செயலைத் திருத்தும் இம்முறைக்குப் பின்னூட்டம் என்று பெயர். 1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தில் பொருத்திய சுழல்குண்டுகளும் இதையே செய்தன. எவ்வளவு பிழைக்கு எவ்வளவு திருத்தம் என்பதே இதன் உயிர்நிலை. திருத்தம் மெலிந்தால் எந்திரம் சோம்பும்; வன்மை மிகுந்தால் வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக ஊசலாடும். இவ்வூசல் எப்போது தணியும், எப்போது வளரும் என்பதை 1868-இல் கணிதத்தால் ஆராய்ந்தார் மாக்ஸ்வெல்.

மேட்டூர் மின்நிலையம் 1937-இல் இயங்கத் தொடங்கிற்று. நீர்த்தேக்கத்தின் முழு மட்டம் 120 அடி. மழை பொய்த்த ஆண்டுகளில் அது மிகவும் தாழ்ந்துவிடும். இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீர் விழும் உயரம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்தால், அதே கதவுத் திறப்பில் நீரின் வேகம் பாதியாகும். கிடைக்கும் ஆற்றலோ ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான். அப்படியாயின், தாழ்ந்த நீருக்கு அளவாக அமைத்த திருத்தம், அணை நிரம்பிய நாளில் எட்டு மடங்கு முரடாக நடந்துகொள்ளும் அல்லவா? ஆகவே இன்ன மட்டத்துக்கு இன்ன வன்மை என முன்கூட்டியே அட்டவணை வகுத்துக்கொள்வதே தக்க வழி.

விமானத்துக்கும் இதே இடர் உண்டு. தாழப் பறக்கையில் காற்று அடர்த்தி, உயரத்தில் மெலிவு. 1950-களில் விரைவு விமானங்கள் பெருகியபோது இவ்வட்டவணை முறை பரவிற்று. அட்டவணையே வேண்டாம், வன்மையைக் கருவி தானே தேடிக்கொள்ளட்டும் என்று முயன்றவர்களும் உண்டு. அத்தகைய கருவி பொருத்திய எக்ஸ்-15 என்னும் அமெரிக்க ஆராய்ச்சி விமானம், 1967 நவம்பர் 15 அன்று, சுழற்சியில் சிக்கி மீண்டு கீழிறங்குகையில் ஊசலாடத் தொடங்கிற்று. அடர்ந்த காற்றில் குறைய வேண்டிய வன்மை குறையவில்லை. விமானம் சிதறியது, விமானி மைக்கேல் ஆடம்ஸ் உயிர் துறந்தார்.

அட்டவணையின் எண்களை அனுபவத்தால் மட்டுமே நிரப்ப வேண்டியதில்லை. பிழையையும் திருத்தும் முயற்சியையும் சேர்த்து ஒரு செலவாகக் கருதி, அச்செலவு மிகக் குறையும் வன்மையைக் கணித்தறியும் வழியை 1960-இல் ருடால்ஃப் கால்மான் வகுத்தளித்தார். இதனை உகப்பாக்கம் என்பர். ஆனால் ஒவ்வொரு நிலைக்கும் சிறந்த எண்ணைக் கண்டுவிட்டால் போதுமா? போதாது என்று 1990-இல் ஷம்மா, அத்தான்ஸ் என்னும் இருவர் காட்டினர். நிலைகள் விரைந்து மாறினால், தனித்தனியே நல்லனவாயிருந்த எண்களே கூடிக் கெடுதல் விளைக்கக்கூடும். அதன்பின் வந்த கணிப்பு முறைகளில், நிலை எவ்வளவு விரைவில் மாறலாம் என்பதும் ஒரு நிபந்தனையாகச் சேர்ந்தது.

விமானம் காற்றின் அடர்த்தி மாறும் வெளியைச் சில வினாடிகளில் கடந்துவிடுகிறது. மேட்டூரில் பெருவெள்ளம் வந்தாலும் நீர்மட்டம் அதனினும் மெல்லவே ஏறும். அந்நிதானத்தினால், நம் அணைகளுக்கு எளிய அட்டவணையே போதுமானதாகிறது.